அத்தைக்குச் சீராகக் கொடுத்த கண்ணாடி மேசை

உங்கள் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது பிறக்கவில்லை. எங்கள் அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைக்குச் சீர் செய்ய வேண்டியவன் நான்தான். கட்டிலையும் பீரோவையும் எங்கள் மாமன் எடுத்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு டிரெஸ்ஸிங் டேபிள். அதை மாப்பிள்ளை வீட்டில் யாரும் கேட்கவில்லை. உங்கள் அத்தைதான் கேட்டாள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சுவரில், ஓரமெல்லாம் கறுத்துப்போய்த் தொங்கும். காலையில் நான் அதன் முன்னால் ஷேவ் செய்வேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்துப் பொட்டு வைப்பாள்.

“தள்ளுண்ணா. உன்ற மூஞ்சிய எத்தன நேரம் பாத்தாலும் அதேதான் இருக்கும்.”

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “உக்காந்து தலை வாருற மாதிரி ஒரு கண்ணாடி மட்டும் வாங்கிக் குடுண்ணா. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

புதிதாக வாங்க எனக்குத் தோதுப்படவில்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டு ஓரமாக ஒரு பழைய சாமான் கடை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். கால் ஒடிந்த கட்டில்கள், ஆபீஸ் நாற்காலிகள், பள்ளிக்கூட பெஞ்சுகள் எல்லாவற்றுக்கும் முன்னால், அப்போதுதான் இறக்கியதுபோல, அந்த மேசை நின்றது. தேக்கு. நடுவில் நீள்வட்டக் கண்ணாடி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு டிராயர். கண்ணாடியின் வலது ஓரத்தில் ஏழெட்டு ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவைப்பார்களே, அப்படி.

“தட்டிப் பாருங்க தம்பி, மணியாட்டம் கேக்கும்” என்றார் கடைக்காரர்.

“யாரு ஊட்டுதுங்க?”

“ஊட்டுக்காரரு போயிட்டாருங்க. அந்தம்மாளுக்கு இனி இது எதுக்குன்னு பங்காளிங்களே கொண்டாந்து போட்டுட்டாங்க.” என் முகம் எப்படியோ போயிருக்க வேண்டும். “ஏனுங்க, உங்களுக்குத்தானே?”

“ஆமாங்க. எனக்குத்தான்.”

“அப்பறம் என்னங்க. ஆம்பளைக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நம் பக்கத்தில் சீருக்குப் பழைய பொருள் கொடுப்பதே குறைச்சல். அதிலும் புருசனை இழந்த ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து வந்ததைக் கல்யாணப் பெண்ணுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். அது கூடவே வரும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று இப்போது எழுதிவிடலாம். பொய்யாகிவிடும். நான் நம்பினேன். நம்பிக்கொண்டேதான் வாங்கினேன். இழைத்து, ரேகையும் பள்ளமும் அடைய வெள்ளைப் பட்டி பூசி, இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டால் பழசு போய்விடும் என்று நினைத்தேன். விபத்தில் நசுங்கி, ஆள் செத்த லாரிகள் எங்கள் பட்டறைக்கு வரும். பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி அனுப்பினால் மறுநாளே லோடு ஏற்றிக்கொண்டு போகும். அந்தக் கணக்கை மேசைக்கும் போட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகத் தின்னரில் துணியை நனைத்து அந்தப் பொட்டுகளைத் துடைத்தேன். பொட்டு வந்துவிட்டது, பசை வரவில்லை. கண்ணாடியில் சின்னச் சின்ன வட்டங்களாக நின்றது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அப்புறம்தான் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதம் இருக்கும். தினமும் பொழுதோடு பட்டறையிலிருந்து வந்ததும் மேசை வேலை. உப்புத்தாள் போட்டுப் பழைய வார்னிஷை எடுத்தேன். அடியில் தேக்கின் ரேகை தேன் மாதிரி தெரிந்தது. அதன் மேல் பட்டி பூசி மறைக்க எந்தத் தச்சனுக்கும் மனசு வராது. எனக்கு வந்தது. பிரைமர் அடித்து, லாரிக்கு அடித்து மிஞ்சிய சந்தன நிற பெயிண்டை அடித்தேன். டிராயர்களுக்கு மட்டும் தாள் ஒட்டலாம் என்பது உங்கள் அம்மாவின் யோசனை. சேலத்துக்குப் போய், பச்சையில் குட்டி மஞ்சள் பூப் போட்ட தாளாகப் பார்த்து அவளே வாங்கி வந்தாள்.

மரத்தில் தாள் ஒட்டி எனக்குப் பழக்கமில்லை. முதல் தாளில் பசை அதிகமாகி, காய்ந்தபோது முழுக்கக் கொப்புளமாக நின்றது.

“ஏனுங்க, அம்மை போட்ட மாதிரி இருக்குது” என்று உங்கள் அம்மா சிரித்தாள். “வேப்பந்தழை கொண்டாரட்டுங்களா?”

அதை உரித்துப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தோம். பசையை மெல்லிசாகத் தடவி, நடுவில் முதலில் தாளை வைத்து, அங்கிருந்து ஓரத்துக்குத் துணியால் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அவள் மூலைகளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கேட்டாள்.

“யாரு ஊட்டுதுங்க இது?”

“ஒரு வாத்தியாரு ஊட்டுதாம். மாத்தலாகிப் போறாராம்.”

தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

கல்யாண மண்டபத்தில் சீர்ச் சாமான்களை வரிசையாக வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். வயசான அம்மா ஒருவர் டிராயரை இழுத்து, மூடி, மறுபடி இழுத்தார்.

“மரமா அட்டையாங்க?”

“மரந்தானுங்க. சேலத்துல சொல்லிச் செஞ்சதுங்க” என்றேன்.

“பூவெல்லாம் ஒட்டி லாரியாட்டம் ஜோடிச்சிருக்கறீங்க! பின்னால ஹாரன் அடிக்கவும்னு எழுதலீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சள் பூசிய முகத்தோடு மணவறைக்குப் போய்க்கொண்டிருந்த உங்கள் அத்தையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த மேசையை அவள் பார்த்த பார்வையில் எனக்கு இருந்த உறுத்தல் எல்லாம் போய்விட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த மண்டபத்தில் பார்த்தவர்களில் இரண்டு பேர், பெயிண்டும் தாளும் என் கைவேலை என்று தெரிந்துகொண்டு, தங்கள் வீட்டுப் பழைய அலமாரியை இதே மாதிரி ஆக்கித் தரக் கேட்டார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். ஒரு வருடத்தில் லாரிப் பட்டறையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். பழைய சாமான் வாங்கி, பெயிண்ட் அடித்து, தாள் ஒட்டி விற்பது. நீங்கள் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் தொழிலில்தான். இது அந்த மேசையில் ஆரம்பித்தது. யார் வந்து யாரு ஊட்டுது என்று கேட்டாலும் என்னிடம் அந்த மாத்தலாகிப் போன வாத்தியார் தயாராக இருந்தார்.

உங்கள் மாமா ரிக் வண்டியில் வேலை பார்த்தார். வடக்கே போய் போர்வெல் போடுகிற வண்டி. போனால் மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துத்தான் வருவார். அதிகம் பேச மாட்டார். ஊருக்கு வந்தால் அத்தையை வண்டியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு தடவை வராமல் போக மாட்டார். கல்யாணமாகி மூன்றாம் வருடம், அங்கே எங்கோ, பைப் இறக்கும்போது கொக்கி நழுவி, பைப் அவர் மேல் விழுந்து, அங்கேயே போய்விட்டார். அவர்கள் பெண் குழந்தைக்கு அப்போது ஒரு வயது.

எடப்பாடிக்குப் பக்கத்தில் அவர்கள் தெரு முழுக்கத் தறி ஓடும். உடம்பு ஊர் வந்து சேர்ந்த அன்று எல்லாத் தறியையும் நிறுத்தியிருந்தார்கள். பொறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டு போக வேண்டும். புருசன் சாவில் தங்கைக்குப் போர்த்துகிற சேலை அது. துணிக்கடையில் விற்கிற பையன் சிரித்த முகமாக, “விசேசத்துக்குங்களாண்ணா?” என்றான். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவன் புரிந்துகொண்டு, விரித்துக் காட்டாமல், மடிப்புக் கலையாமல் பையில் போட்டுக் கொடுத்தான்.

நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கண்ணாடியும் பூவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்பலகைக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டது. அந்தப் பழைய பலகை அழுக்கோடு, ஆணிக் கறையோடு வீட்டைப் பார்த்து நின்றது. உங்கள் அத்தைக்குச் சேலையைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தபோது என் கண்ணுக்கு நேராக அதுதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்குள் அது உறுதியானது. இது நான் கொண்டுவந்து இறக்கியது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமாவுடைய அண்ணன் போன் செய்தார்.

“மாப்ள, அந்த மேசைய நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. அந்தப் புள்ளைக்கு இனி அது எதுக்குங்க? இங்க எங்க கடைசித் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறோம். ஊட்டுல இருந்தா ஒரு மாதிரியா இருக்குது.”

குட்டியானை வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை டிராயர்களைக் காலி செய்து எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது.

“எங்கண்ணா கொண்டு போற?”

“பட்டறையில வெக்கறேன் அம்மணி.”

“ம்” என்றாள். வண்டி திரும்பும்வரைக்கும் நின்றாள்.

கொண்டுவந்து மூலையில் வைத்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். மூன்று நான்கு மாதம் அப்படியே கிடந்தது. ஒரு நாள் மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பெண்ணுக்குக் கல்யாணமாம். நான் வேறு வேலையாக இருந்தபோது அவரே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

“இது நல்லாருக்குதுங்களே! லேசா டச்சப் பண்ணிக் குடுங்க, எடுத்துக்கறேன். யாரு ஊட்டுதுங்க?”

வாத்தியார் வாய் வரைக்கும் வந்தார். சொல்ல முடியவில்லை. “என்ற தங்கச்சி ஊட்டுதுங்க” என்றேன். “அவ ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க.”

கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்திருந்த கையை அவர் எடுத்தார். எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்படிச் செய்தது அவருக்கே தெரிந்திருக்காது. நல்ல மனுசர்தான். “வெசனப்படாதீங்க. எல்லாம் அவ நேரம். வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் தங்கை மேல் பட்ட கையைத் துடைத்த மாதிரி இருந்தது. அவரைத் திட்டிக்கொண்டே தார்ப்பாயை இழுத்து மூடினேன். மூடும்போதுதான், இதை நான் எதற்காக மூடி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. தூசி படாமல் இருக்கவா?

மறுநாள் காலையில் எடப்பாடிக்குப் போனேன். அத்தை பின்கட்டில் தார் சுற்றும் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சிகளுக்கு நூல் சுற்றுகிற வேலை. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடை, பங்காளிகள், பொட்டு, வாத்தியார் எல்லாவற்றையும். “நான் தெரிஞ்சேதான் செஞ்சேன் அம்மணி. என்னாலதான் உனக்கு இப்படி ஆயிப்போச்சு” என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அல்லது திட்டுவாள். நீ என்னண்ணா பண்ணுவே என்று என்னைத் தேற்றுவாள் என்றுகூட மனசில் ஒரு பக்கம் எதிர்பார்த்திருப்பேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

“அந்தக்கா எந்த ஊரு?”

“தெரியல.”

“ஊட்டுக்காரரு எப்படிச் செத்தாராம்? கொழந்த குட்டி இருக்குதாமா?”

“கேக்கல அம்மணி.”

“ஒண்ணுமே கேக்கல. ஆனா அவங்கதான் என்ற ஊட்டுக்காரரத் தூக்கிட்டுப் போனாங்கன்னு மட்டும் உனக்குத் தெரியுது.”

“நான் அப்படிச் சொல்லலியே.”

“வேற எப்படிண்ணா சொல்ற? மேசையா போயி அந்தக் கொக்கிய அவுத்து உட்டுச்சு? அவங்க கண்ணாடி பட்டு என்ற தாலி போச்சுன்னா, என்ற கண்ணாடி பட்டு நாளைக்கு இன்னொருத்தி தாலி போவும். அதத்தானே நெனச்சு மூடி வெச்சிருக்கற?”

பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“இவங்க என்னையத் தள்ளி வெக்கறாங்க. செரி, ஊரான் வெக்கறான். நீயுமாண்ணா?”

உள்ளேயிருந்து அவள் மாமியார், “யாரு அங்க சத்தம்?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்கத்த. அண்ணன் வந்திருக்குது” என்று சொல்லிவிட்டு மெஷினை மறுபடி போட்டாள். நான் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமலே, “அத வித்துப்போடாத. நான் வாரேன்” என்றாள்.

தை நோம்பிக்குக் குழந்தையோடு வந்தாள். வந்தவள் வீட்டுக்குள் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

“நீ ஒட்டுனது, அடிச்சது எல்லாத்தையும் எடுத்துரு.”

“வேற கலர் அடிச்சுத் தரட்டுமா? இப்ப நல்ல நல்ல பேப்பரெல்லாம் வந்திருக்குது அம்மணி.”

“வேண்டாம். வாத்தியாரு ஊட்டுதுன்னு நெனச்சு மூணு வருசம் அதுல உக்காந்தேன். அந்தக்காளுதுன்னு தெரிஞ்சு ஒரு தடவ உக்காந்து பாக்கறேன்.”

நான்கு நாள் ஆனது. ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்த பிறகு, டிராயர்களின் தாளை அத்தையே உரித்தாள். நீள நீளமாக வந்தது. தவழ்ந்து வந்து அதை வாயில் வைத்தது உங்களில் சின்னது, நீதான். சந்தன நிறத்தை நான் சுரண்டினேன். உங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. “வாத்தியாரு ஊடுன்னு சொன்னீங்களே” என்று ஒரு வார்த்தை கேட்டாள். பொங்கல் முடியும்வரை அப்புறம் என்னிடம் பேசவில்லை.

எவ்வளவு தேய்த்தும் பழைய தேக்கு முழுசாகத் திரும்பி வரவில்லை. நான் பூசிய பட்டி ரேகைகளுக்குள் போய் இறுகிவிட்டது. இப்போது உங்கள் அறையில் இருக்கிறதே, அந்த மேசைதான். நீங்கள் அதில் புத்தகம் வைக்கிறீர்கள். அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிவது மரத்தின் குறை இல்லை.

நான்காம் நாள் மத்தியானம் கண்ணாடியைத் திரும்ப மாட்டினேன். அத்தை ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கீழே உட்கார்ந்து மேசைக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“ண்ணா, எனக்கு வயசாயிருச்சா?”

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு. நான் தலையைத் தூக்காமல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மேசையை அவள் எடுத்துப் போகவில்லை. அங்கே வைக்க விட மாட்டார்கள். “உன்ற ஊட்டுலயே இருக்கட்டும். வாரப்ப உக்காந்துக்கறேன்” என்றாள். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறாள். உட்காருகிறாள். அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொரு பொருளையும் யார் வீட்டினது என்று கேட்டு, வாங்க வருகிறவர்களுக்கு அப்படியே சொல்லிவிடுகிறேன். சில பேர் எடுக்காமல் போகிறார்கள். போகட்டும். நான் திருந்திவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவளே, நீ வயசுக்கு வந்ததற்குப் போன மாதம் திரட்டிச் சீர் செய்தோம். கூடத்தில் உன்னை உட்கார வைத்து, பெரியவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலங்கு வைக்கச் சொன்னார்கள். அப்பாவின் கூடப் பிறந்தவளுக்கு அதில் உரிமை உண்டு. அத்தை முதல் நாளே வந்து, உனக்குப் பூ கட்டி, சமையலுக்குக் காய் நறுக்கி, எல்லாம் செய்தவள், அந்த நேரத்தில் மட்டும் அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள். சந்தனத் தட்டு என் கையில்தான் இருந்தது. வா அம்மணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டத்தைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. அத்தை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தட்டை அடுத்தவரிடம் கொடுத்தேன்.

எல்லாரும் போன பிறகு நீ கேட்டாய், “அத்தை ஏம்ப்பா எனக்கு நலங்கு வெக்கல?” என்று. அத்தைக்கு உள்ளே வேலை இருந்தது என்று சொன்னேன்.

அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. நான்தான் கூப்பிடவில்லை.